வீட்டில் நல்ல காபி: முதலில் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

#1 ஆவிபறக்க

கடையில் அரைத்த தூளை வாங்கி பிரெஞ்சு பிரஸ்ஸில் (தூளை வெந்நீரில் ஊறவைத்து, கம்பிவலை வைத்த பிளஞ்சரை அழுத்தி வடிக்கும் சாடி) போட்டுக் குடிக்கிறோம். ஒரு நாள் கசக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. கொஞ்சம் செலவு செய்யத் தயார். எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாமா, தாள் வைத்து வடிக்கும் வி60 கூம்பு மாதிரி ஏதாவது போதுமா என்று குழப்பம். வீட்டில் இரண்டு பேர்; ஒருவருக்குப் பால் கூடாது, இன்னொருவருக்குப் பால் இல்லாமல் காபியே இல்லை. கருவியின் பேரை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 அரவைமில்

மெஷின் பேச்சு அப்புறம். பட்ஜெட் எவ்வளவாக இருந்தாலும் பாதிக்குக் குறையாமல் கிரைண்டருக்கு ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில்தான் மற்றதெல்லாம்.

வறுத்த கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரில் கரையக்கூடியது. அத்தனையும் நமக்கு வேண்டாம். கொட்டையின் எடையில் 18 முதல் 22 சதவீதம் கோப்பைக்குள் இறங்கினால் நல்லது என்பது வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. அதற்குக் குறைந்தால் புளிப்பும் சப்பென்ற ருசியும். கூடினால் கசப்பு, கூடவே நாக்கை வறட்டும் துவர்ப்பு. பொடித்துகள் சட்டென்று கரைந்து தீர்ந்துவிடும், பெருந்துகள் மெதுவாகக் கரையும். அரவை சீராக இல்லையென்றால் மாவாய்ப் போனது கசக்கும், குருணையாய் நின்றது புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

அரைத்த தூள் வாங்குவதில் வாசனை போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், ருசி சரியில்லை என்றால் திருப்பிப் பார்க்க உங்களிடம் ஒரு திருகுகூட இல்லை என்பது.

இரண்டே பேர் என்பதால் கைக் கிரைண்டரே போதும். அதே தரத்துக்கு மின் கிரைண்டர் வாங்கினால் மோட்டாருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

பர், அதாவது கொட்டையை அரைக்கும் பல்லுள்ள பாகம், ஸ்டீலாக இருக்கட்டும். மலிவான கிரைண்டரில் வரும் செராமிக் பர் மெதுவாக அரைக்கும், மாவும் அதிகம் விழும். விட்டம் 38 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம், 48 மி.மீ. என்றால் கை வலிக்காது.

தண்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பேரிங் இருக்க வேண்டும். கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் அரைக்கும்போது உள்ளே இருக்கும் பர்ரும் அப்படியேதான் ஆடும். ஒரு பக்கம் இடைவெளி கூடும், மறுபக்கம் குறையும், குருணையும் மாவும் சேர்ந்து விழும். விளம்பரத்தில் எத்தனை கிளிக் (அரவை அளவை மாற்றும் படி) என்று பார்ப்பதைவிட இந்தச் சோதனை முக்கியம்.

#3 தராசுத்தட்டு

அரவைமில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு நாள் கசப்பு, ஒரு நாள் சப்பு என்றால் பாதிக் குற்றம் கரண்டி மேல். நன்றாக வறுத்த கொட்டை உப்பி லேசாகிவிடும். குறைவாக வறுத்தது கெட்டியாக, கனமாக இருக்கும். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை வராது.

0.1 கிராம் காட்டும், டைமர் உள்ள தராசு வாங்குங்கள். லிட்டருக்கு 60 கிராம் தூள் என்று ஆரம்பியுங்கள், அதாவது 15 கிராமுக்கு 250 கிராம் தண்ணீர். தண்ணீரையும் எடையில்தான் அளக்க வேண்டும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதனால் 250 ஊற்றினால் 220 போலத்தான் கைக்கு வரும். "தண்ணீர் எங்கே போனது" என்று கூட ஊற்றினால் விகிதம் கெட்டது.

#4 ஆவிபறக்க

கிரைண்டர் வரும்வரை வீட்டு மிக்சியில் அரைத்துச் சமாளிக்க முடியாதா?

#5 அரவைமில்

முடியும், சில நாளைக்கு. ஓடவிடாதீர்கள். இரண்டு வினாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி மறுபடி இரண்டு வினாடி. தொடர்ந்து ஓட்டினால் பிளேடுக்கு அடியில் இருப்பது மாவாகும், மேலே இருப்பது முழுக்கொட்டையாகவே சுற்றிக்கொண்டிருக்கும், ஜாரும் சூடேறும். அரைத்ததை நைஸ் சல்லடையில் சலித்து மாவை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய தூளை எடை போட்டு பிரெஞ்சு பிரஸ்ஸில் மட்டும் போடுங்கள். தாள் வைத்து வடிக்கும் எதற்கும் மிக்சித் தூள் ஆகாது. தாளின் துளையை மாவு அடைத்துக்கொள்ளும்.

#6 மண்டி

பிரெஞ்சு பிரஸ் ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஊறவைக்கும் முறைகளில் தவறு செய்வது கடினம். தண்ணீரில் காபி ஏற ஏற மேற்கொண்டு கரைவது தானாகவே மந்தப்படும், ஒரு நிமிடம் கூடினாலும் பெரிய சேதம் இல்லை. பெரும்பாலோர் செய்யும் முறைதான் சரியில்லை: கொரகொரவென்று அரைத்து, 4 நிமிடம் வைத்து, பிளஞ்சரை அடிவரை அழுத்தி ஊற்றுகிறார்கள். அடியில் படிந்த மண்டியெல்லாம் கலங்கி மேலே வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். 30 கிராம் தூள், நடுத்தர அரவை, வி60-க்குப் போடுவதைவிடச் சற்றே பெரியது. கொதித்து இறக்கிய தண்ணீர் 500 கிராம். மூடி வேண்டாம். 4 நிமிடத்தில் மேலே ஒரு தோல் கட்டியிருக்கும். கரண்டியால் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கிளறினால் முக்கால்வாசி அடியில் போய் உட்காரும். மிதக்கும் நுரையையும் துகளையும் இரண்டு கரண்டி வைத்து வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு இன்னும் 5 நிமிடம் தொடவே தொடாதீர்கள். கடைசியில் பிளஞ்சரைத் திரவத்தின் மேல்மட்டம் வரை மட்டும் இறக்கி, அதையே வடிகட்டியாக வைத்து மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரல் அளவு நிற்கட்டும், அது குடிப்பதற்கு அல்ல.

ஒன்பது நிமிடம் ஆனால் ஆறிப்போகாதா என்று கேட்பார்கள். கண்ணாடிச் சாடியை முதலிலேயே வெந்நீரில் அலசிச் சூடாக்கிவிட்டால் குடிக்கும் பதத்தில்தான் இருக்கும். நாக்கைச் சுடும் சூட்டில் ருசியே தெரியாது.

#7 கெட்டில்மூக்கு

மண்டியார் சொல்வது சரிதான், ஆனாலும் பால் இல்லாமல் குடிப்பவருக்குத் தாளில் வடித்த காபியின் தெளிவு பிரஸ்ஸில் வராது. உடம்புக்கும் ஒரு காரணம் உண்டு. கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ச் சத்து இரத்தத்தில் எல்டிஎல் கொழுப்பைக் கூட்டும். தாள் அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிரஸ்ஸின் கம்பிவலை விட்டுவிடும். தினம் நாலைந்து கோப்பை குடிக்கும் கொலஸ்ட்ரால்காரர்கள் கவனிக்க வேண்டியது இது.

வி60 பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். செராமிக் அழகு, ஆனால் முதலில் ஊற்றும் தண்ணீரின் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சூடாக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை குறைவு.

15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர்:

தாளை மடித்து வைத்து வெந்நீரால் அலசுங்கள். தாள் வாசனை போகும், கூம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட மறக்காதீர்கள். தூளைப் போட்டு, தட்டிச் சமமாக்கி, நடுவில் விரலால் ஒரு சின்னக் குழி. 45 கிராம் தண்ணீர் ஊற்றி டிரிப்பரை, அதாவது அந்தக் கூம்பை, கையில் எடுத்து வட்டமாக ஒரு சுழற்று. உலர்ந்த தூள் எங்கும் மிச்சம் இருக்கக்கூடாது. கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு பொங்கி வெளியேறும். அது போகாமல் தண்ணீர் உள்ளே நுழையாது. 0:45 வரை விடுங்கள். பிறகு மெல்லிய தாரையாக, வட்டமாக, 1:15-க்குள் 150 கிராம், 1:45-க்குள் 250. ஓரத்தில் தூள் ஒட்டியிருந்தால் மறுபடி ஒரு சுழற்று. 2:45-க்கும் 3:15-க்கும் நடுவில் வடிந்து முடிய வேண்டும்.

முடிந்ததும் சக்கையைப் பாருங்கள். தட்டையாக, வழுவழுப்பாக இருந்தால் சரி. நடுவில் பள்ளம் என்றால் ஒரே இடத்தில் ஊற்றியிருக்கிறீர்கள். மேலே சேறு பூசினாற்போல் இருந்தால் அரவையில் மாவு அதிகம், அல்லது கெட்டிலை ரொம்ப உயரத்தில் பிடித்துக் கலக்கிவிட்டீர்கள்.

சூட்டுக்கு ஒரு வார்த்தை: குறைவாக வறுத்த கொட்டைக்குக் கொதிநீரே போடலாம், பயப்பட வேண்டாம். கருக வறுத்ததற்கு 85–90 டிகிரி போதும்.

#8 சல்லடைக்கண்

புதிதாக ஆரம்பிப்பவருக்குக் கூம்பு டிரிப்பரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வி60-இல் கீழ்த்துளை பெரிது, உள்சுவரில் வரிகள் உயரமானவை. தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குவது என்பதை உங்கள் கையும் அரவையும்தான் தீர்மானிக்கும். ஓரத்தில் ஊற்றினால் தூளையே தொடாமல் தாள் வழியாகப் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். அடி தட்டையான டிரிப்பரில் தூள் ஒரே உயரத்துக்குப் பரவிக் கிடக்கும், கை கொஞ்சம் பிசகினாலும் ருசி அவ்வளவு ஆடாது. மெல்லிய தாரையாக ஊற்றும் நீள்மூக்குக் கூஸ்நெக் கெட்டில் இல்லாத வீட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

#9 கெட்டில்மூக்கு

கை பழகிய பிறகு கூம்புதான் சுவாரசியம். ஆனால் கெட்டிலுக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடியாதென்றால் சல்லடைக்கண் பக்கம்தான் நியாயம். சாதாரண கெட்டிலின் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டும், தாரையாக விழாது.

#10 நீர்க்கணக்கு

கிரைண்டர், டிரிப்பர் என்று பத்துப் பதிவு ஓடிவிட்டது, கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் இருக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊருக்கு ஊர் வீட்டுக்கு வீடு ஒரே கொட்டை வேறு மாதிரி ருசிப்பதற்குத் தண்ணீர்தான் முதல் சந்தேகம்.

பார்க்க வேண்டியது இரண்டு. கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும். ருசிப் பொருளைத் தூளிலிருந்து இழுப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. காரத்தன்மை என்பது பைகார்பனேட். இது காபியின் அமிலத்தை அடக்கும். காரத்தன்மை கூடினால் எவ்வளவு நல்ல கொட்டையும் சுண்ணாம்புத் தண்ணீர் போல மந்தமாக இருக்கும். மிகக் குறைந்தால் புளிப்பு குத்தும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் இலக்கு: மொத்த உப்பு லிட்டருக்கு 150 மி.கி., காரத்தன்மை 40 மி.கி.-ஐ ஒட்டி.

கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண்ணில் எது கால்சியம், எது பைகார்பனேட், எது சாதா உப்பு என்று சொல்லாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டுச் சோதனைக் கிட் வாங்குங்கள். ஜிஎச், கேஎச் என்று இரண்டு பாட்டில் இருக்கும். நிறம் மாற எத்தனை சொட்டு விழுந்ததோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரிக்கு 17.9 மி.கி. கணக்கு. முதலாவது கடினத்தன்மை, இரண்டாவது காரத்தன்மை.

குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை 200 வந்தால் அதில் ஒரு பங்கும் காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கும் கலந்தால் 40-க்கு வந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் அநேகமாக ஒன்றுமே இருக்காது, அதற்குச் சேர்க்க வேண்டும்:

பாட்டில் 1: எப்சம் உப்பு 12.3 கிராம், காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 500 மி.லி. ஆக்குங்கள்.
பாட்டில் 2: சமையல் சோடா 4.2 கிராம், அதையும் 500 மி.லி. ஆக்குங்கள்.

லிட்டருக்கு முதல் பாட்டிலிலிருந்து 7 மி.லி., இரண்டாவதிலிருந்து 8 மி.லி. கடினத்தன்மை 70, காரத்தன்மை 40 கிடைக்கும். எப்சம் உப்பு உணவுத் தரமாக இருக்க வேண்டும், குளிப்பதற்கு வாசனை சேர்த்து விற்பது கூடாது. சோடா என்றால் சோடாதான், பேக்கிங் பவுடர் இல்லை. இரண்டு கரைசலையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள்.

#11 அரவைமில்

கணக்கில் குறை இல்லை. ஆனால் கிரைண்டரே இல்லாதவரிடம் எப்சம் உப்பைப் பற்றிப் பேசினால் ஆள் ஓடிவிடுவார். ஒரே கொட்டையை, ஒரே அரவையில், வீட்டுத் தண்ணீரில் ஒரு கோப்பையும் உப்புக் குறைந்த பாட்டில் தண்ணீரில் ஒரு கோப்பையும் போட்டுப் பக்கத்தில் வைத்துக் குடிக்கட்டும். வித்தியாசம் தெரிந்தால் கிட் வாங்கட்டும்.

#12 நீர்க்கணக்கு

அதற்குச் சம்மதம். ஆனால் எஸ்பிரெசோ மெஷின் வாங்குவதாக இருந்தால் கிட் முதலில். கால்சியமும் பைகார்பனேட்டும் சூட்டில் சேர்ந்து பாய்லருக்குள் படியும். கெட்டிலில் படிந்தால் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டால் போயிற்று. பாய்லரில் படிந்தால் பிரித்து மேய வேண்டும். நேர்மாறாக, உப்பே இல்லாத வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால் சில மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை உணரும் கம்பி வேலை செய்யாது, ஏனென்றால் அது மின்கடத்தலை வைத்துத்தான் மட்டத்தை அறிகிறது.

#13 நுரைகட்டி

பால்காரர் பக்கம் யாரும் வரவில்லையே! பாலோடு குடிக்க காபி திடமாக இருக்க வேண்டும். வி60-இல் வடித்ததில் பால் ஊற்றினால் இரண்டும் கெட்டான். மெஷின் இல்லாமல் இரண்டு வழி இருக்குங்க.

ஏரோபிரஸ் (அடியில் தாள் வடிகட்டியும் மேலே பிளஞ்சரும் உள்ள குழாய்): 18 கிராம் தூள், வி60-ஐவிட நன்றாகவே நைஸ். கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழான தண்ணீர் 90 கிராம். 10 வினாடி கலக்கி, பிளஞ்சரை மேலே லேசாகச் சொருகிவிடுங்கள், உள்ளே காற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சொட்டாது. 1:30 ஆனதும் ஒரு அரை நிமிடம் எடுத்து மெதுவாக அழுத்துங்கள். "உஸ்" சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். 60 கிராம் போலத் திடமான காபி வரும், 120 மி.லி. சூடான பால் தாங்கும். கருவியைத் தலைகீழாக வைத்துச் செய்யும் முறையை இணையத்தில் பார்ப்பீர்கள். திருப்பும்போது வழுக்கினால் கொதிநீர் கையில்தான். சொருகிவைக்கும் தந்திரத்திலேயே அதே பலன் கிடைக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

மோகா பாட் (அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் தண்ணீரைத் தூள் வழியாக மேலேற்றும் பாத்திரம்): 1933-இல் பியாலெட்டி கொண்டுவந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. இதைக் கெடுப்பது பெரும்பாலும் அடுப்புத்தான். கீழ்ப்பாத்திரத்தில் ஏற்கெனவே கொதித்த தண்ணீரை வால்வுக்குக் கீழ்வரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தால் தண்ணீர் சூடாகும் நேரம் முழுக்கத் தூளும் சேர்ந்து வேகும். கூடையை நிறைய நிரப்பி விரலால் சமப்படுத்துங்கள், அழுத்தக் கூடாது. துணியால் பிடித்து இறுக மூடி, சிறு தீயில் வையுங்கள். மேல் மூடி திறந்தே இருக்கட்டும். தேன் மாதிரி மெல்ல வழிந்து வர வேண்டும். வெளுத்துக் குமிழியிட ஆரம்பித்த நொடியில் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் நின்றுவிடும். அந்தக் கடைசிச் சீறல்தான் கருகல் கசப்பு.

அளவை விருப்பப்படி குறைக்க முடியாது. கூடை பாதி நிரப்பினால் தண்ணீர் தூளைச் சுற்றி ஓடும். ஆகவே தினம் எவ்வளவு தேவையோ அந்த அளவு பாட்டாகவே வாங்குங்கள். இண்டக்ஷன் அடுப்பென்றால் அலுமினியம் வேலைக்கு ஆகாது, ஸ்டீல். கேஸ்கெட் கெட்டிப்பட்டால் ஓரத்தில் ஆவி கசியும், மாற்றிவிடுங்கள். வால்வை அவ்வப்போது விரலால் அசைத்துப் பாருங்கள். எஸ்பிரெசோ அளவுக்கு நைஸாக அரைத்து அழுத்தி வைத்து, வால்வும் அடைத்திருந்தால் அது காபிப் பாத்திரம் இல்லை, வெடிகுண்டு.

#14 ஆவிபறக்க

மோகா பாட்டில் வருவது எஸ்பிரெசோ இல்லையா?

#15 ஒன்பதுபார்

இல்லை. மோகாவில் அழுத்தம் ஒன்று அல்லது இரண்டு பார் (அழுத்தத்தின் அலகு). எஸ்பிரெசோவுக்கு 9 பார். பாலில் போட்டால் மோகாவே போதும் என்பது வேறு விஷயம்.

மெஷின் ஆசை இருக்கிறதென்பதால் சொல்கிறேன். டப்பாவில் "15 பார்" என்று எழுதியிருப்பது பம்ப் தள்ளக்கூடிய உச்ச அழுத்தம், தூளின் மேல் விழ வேண்டியது அல்ல. நல்ல மெஷினில் ஒரு வால்வு அதை 9-க்கு இறக்கி வைத்திருக்கும். மலிவானவற்றில் கூடைக்கு இரட்டை அடி, வெளியேற ஒரே ஊசித்துளை. எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும். அந்த நுரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். துளையில் பீய்ச்சியதால் வந்தது. சாதாரண ஒற்றை அடிக் கூடை அந்த மெஷினுக்குக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடிப்படைக் கணக்கு: 18 கிராம் உள்ளே, 36 கிராம் வெளியே, 25–30 வினாடி. 15 வினாடியில் பாய்ந்து வந்தால் அரவையை நைஸாக்குங்கள், 45 ஆனால் பெரிதாக்குங்கள். இங்கேதான் கிரைண்டர் மறுபடி வருகிறது. வடிகாபிக்கு நன்றாக இருக்கும் பல கைக் கிரைண்டர்களில் ஒரு கிளிக் மாற்றினால் எஸ்பிரெசோ நேரம் பத்து வினாடி தாவும், வேண்டிய இடம் இரண்டு கிளிக்குக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பின்னால் எஸ்பிரெசோ போடும் எண்ணம் துளியாவது இருந்தால் கிளிக் இடைவெளி சிறியதாக உள்ள மாடலை இப்போதே எடுங்கள்.

தூளைக் கூடையில் போட்டதும் மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிக் கட்டி உடையுங்கள், 0.4 மி.மீ.க்கு மேல் பருமன் வேண்டாம். பிறகு தூளை அமுக்கும் டேம்பரைச் சாயாமல் நேராக அழுத்துங்கள். எவ்வளவு பலம் என்பது முக்கியமில்லை, சாய்வு இல்லாததுதான் முக்கியம். சாய்ந்தால் தண்ணீர் மெலிந்த பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். ஷாட் (ஒரு தடவை இறங்கும் எஸ்பிரெசோ) புளிப்பும் கசப்புமாக வரும், கைப்பிடிக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் தெறிக்கும்.

ஒற்றை பாய்லர் மெஷினில் ஷாட் எடுத்துவிட்டு ஆவிக்குச் சூடேறக் காத்திருக்க வேண்டும். பாலை 60–65 டிகிரியில் நிறுத்துங்கள். 70 தாண்டினால் இனிப்புப் போய் வெந்த வாடை வரும். ஆவிக்குழாயை உடனே துடைத்து ஒரு நொடி ஆவி விட்டுவிடாவிட்டால் பால் உள்ளே காய்ந்து அடைக்கும்.

தினம் ஒரே ஒரு பால் காபிக்காக இத்தனையும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. இதைச் செய்வதே பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

#16 ஆவிபறக்க

எல்லோருக்கும் நன்றி. மெஷின் இப்போதைக்கு இல்லை. 48 மி.மீ. கைக் கிரைண்டர், தராசு, பிளாஸ்டிக் வி60, ஏரோபிரஸ், ஒரு கூஸ்நெக் கெட்டில் வந்தாயிற்று. ஏரோபிரஸ் பால் காபிக்குப் புகார் இல்லை. வி60-தான் படுத்துகிறது. லைட் ரோஸ்ட் (குறைவாக வறுத்தது), 15-க்கு 250, 92 டிகிரி, 2:05-இல் வடிந்துவிடுகிறது. முதலில் புளிக்கிறது, விழுங்கியபின் நாக்கு வறண்டு துவர்க்கிறது. புளிப்புக்கு நைஸாக்கச் சொல்கிறீர்கள், துவர்ப்புக்குப் பெரிதாக்கச் சொல்கிறீர்கள். எந்தப் பக்கம் போவது?

#17 கெட்டில்மூக்கு

சக்கை எப்படி இருக்கிறது?

#18 ஆவிபறக்க

நடுவில் பள்ளம். ஓரத்தில் உயரமாகத் தூள் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

#19 கெட்டில்மூக்கு

அப்படியென்றால் புளிப்பும் துவர்ப்பும் ஒரே காரணத்தால் வருகின்றன. நடுவில் ஊற்றிய தண்ணீர் வழி பறித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த வழியில் இருக்கும் தூள் அளவுக்கு மேல் கரைந்து துவர்க்கிறது, ஓரத்தில் ஒதுங்கிய தூள் பாதிகூடக் கரையாமல் புளிக்கிறது. முதலில் அரவையைத் தொடாதீர்கள். கெட்டிலைத் தூளுக்கு ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு விரல் முன்புவரை போய்த் திரும்புங்கள். கடைசி ஊற்றலுக்குப் பிறகு ஒரு சுழற்று கட்டாயம். சக்கை தட்டையானதும் ருசி பாருங்கள். அப்போது துவர்ப்பு போய் வெறும் புளிப்பு மட்டும் மிஞ்சும் என்று நினைக்கிறேன். லைட் ரோஸ்ட்டுக்கு 92 போதாது, கொதிநீர் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரண்டு கிளிக் நைஸ். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

#20 தராசுத்தட்டு

நாக்குப் பழக ஒரு சோதனை. வடியும்போது மூன்று டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து, மூன்று பாகமாகப் பிடியுங்கள். முதல் டம்ளர் அடர்த்தியாக, சுள்ளென்று புளிக்கும். இரண்டாவது இனிப்பு. மூன்றாவது தண்ணியாக, கசப்பும் தாள் வாடையுமாக இருக்கும். மூன்றையும் தனித்தனியே ருசித்துவிட்டு ஒன்றாகக் கலந்து குடியுங்கள். இதன் பிறகு "எது குறைவு, எது அதிகம்" என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

#21 ஆவிபறக்க

கொதிநீர், தட்டையான சக்கை, ஒரு கிளிக் நைஸ். 2:50. துவர்ப்பு இல்லை, புளிப்பு பழப்புளிப்பாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி: அரைத்த தூள் டப்பாச் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, பாதி மேசையில் பறக்கிறது. கொட்டையை எப்படி வைத்துக்கொள்வது?

#22 அரவைமில்

ஒட்டுவது நிலைமின்சாரம். அரைப்பதற்கு முன் கரண்டிக் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு துளி போதும், பறக்காது. துருப்பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம், ஒரு துளி தூளிலேயே போய்விடும்.

கொட்டைப் பையில் வறுத்த தேதியைப் பாருங்கள், "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது உதவாது. வறுத்து ஒரு வாரம் ஆன பிறகு திறங்கள். லைட் ரோஸ்ட்டுக்கு இரண்டு வாரம் விட்டாலும் நல்லதுதான். மிகவும் புதிதென்றால் வாயு பொங்கித் தண்ணீரைத் தூளிடம் அண்டவிடாது. ஒரு மாதத்தில் தீராத அளவை ஃப்ரீசரில் வையுங்கள், ஆனால் 15 கிராம் 15 கிராமாகக் காற்றுப்புகாத சின்ன டப்பாக்களில். பெரிய பையை எடுத்துத் திறந்து மூடி மறுபடி உள்ளே வைத்தால் குளிர்ந்த கொட்டையில் ஈரம் படியும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த 15 கிராமை உறைந்த நிலையிலேயே அரைக்கலாம்.

#23 ஆவிபறக்க

கடைசியாக: பர்ரைத் தண்ணீரில் கழுவலாமா?

#24 அரவைமில்

கூடாது. மாதம் ஒரு முறை பிரித்து பிரஷ்ஷால் தட்டி, மரக்குச்சியால் பல்லிடுக்கில் அடைந்த எண்ணெய்ப் பசையைச் சுரண்டுங்கள். பிரிப்பதற்கு முன் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று இடம் மாறினாலும் பர் உரசும். மாட்டியதும் இரண்டு பர்ரும் தொட்டுச் சுற்ற மறுக்கும் இடம்வரை இறுக்கி, அங்கிருந்து கிளிக்கை மறுபடி எண்ணுங்கள். பழைய எண் ஒன்றிரண்டு தள்ளிப்போயிருக்கும். முதலில் 5 கிராம் அரைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் காபிக்கு அரையுங்கள்.

#25 மண்டி

பிரஸ்ஸின் வலைக்கும் ஏரோபிரஸ் ரப்பருக்கும் வாரம் ஒரு முறை பாத்திரச் சோப்பு. ஸ்டீல், கண்ணாடியில் ஏறிய காபிக் கறைக்கு சோடியம் பெர்கார்பனேட் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து அரை மணி ஊறவைத்தால் தேய்க்காமலே போகும். நுரைகட்டி சொன்ன அலுமினிய மோகாவில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், காரம் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கும். பாத்திரம் கழுவும் மெஷினும் அதற்கு ஆகாது.